‘ஈ’ ஓட்டிய வரலாறு

மனித நாகரிகம் ஆற்றங்கரையில் தோன்றியது என்று பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். தவறு. நாகரிகம் தோன்றியது ரசீதின் பின்பக்கத்தில். முன்பக்கத்தில் இருப்பது கடைக்காரர் எழுதியது. பின்பக்கத்தில் ஒரு தொலைபேசி எண், மாத்திரையின் பெயர், யாரையோ திட்ட ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திய ஒரு வரி எல்லாம் இருக்கும். அது மனிதன் எழுதியது. இந்த இரண்டு பக்கத்தையும் புரட்டிப் பார்த்து, எது வரித் துறைக்கு, எது குப்பைக் கூடைக்கு என்று தீர்ப்புச் சொல்லும் மகானுக்குத்தான் கணக்கர் என்று பெயர்.

நம் கதாநாயகர் அப்படி ஒரு மகான். சலவைக் கடைக்கு மேலே, படி திரும்பும் இடத்தில் தலை இடிக்கும் ஒரு கட்டடத்தில், ஒரே அறையில் நிறுவனம் நடத்திவருகிறார். வாசலில் பலகை: ‘சேவைத் தொழில்முனைவோருக்கான முழுமைக் கணக்கியல் தீர்வகம்’.

“தீர்வகமா? ஆளைத் தீர்த்துக் கட்டற இடம் மாதிரி இருக்கேடா,” என்று பலகை மாட்டிய அன்றே அவருடைய அக்கா சொன்னாள்.

அரிசி பருப்பு விற்பவர்களின் கணக்கைக் கணக்கர் தொடுவதில்லை. கையில் எடுத்துக் காட்ட முடியாததை விற்பவர்கள் மட்டும்தான் அவருக்கு வாடிக்கை: அழகு நிலையம் நடத்துகிறவர், இடுப்புப் பிடிப்பை எடுக்கும் பிசியோ, ஏசி மெக்கானிக், வீட்டுக்கு வந்து கணக்குச் சொல்லித்தரும் டியூஷன் வாத்தியார், நாய்க்கு ஒழுக்கம் கற்பிக்கிறவர் என்று மொத்தம் இருபத்து மூன்று பேர். பதினொரு வருடமாக இந்த இருபத்து மூன்று பேரையும் கட்டிக் காத்துவருவது தம் தனித்திறமைதான் என்று கணக்கர் எளிமையாக நம்பினார்.

நிறுவனத்தில் இரண்டு நாற்காலிகள். சுழலுவது கணக்கருடையது. சுழலாதது அக்காவுடையது. கணக்கர் சிந்திப்பார், மற்றதெல்லாம் அக்கா பார்த்துக்கொள்வாள். ‘மற்றதெல்லாம்’ என்பது ரசீது பிரிப்பது, கணினியில் ஏற்றுவது, கூட்டுவது, தாக்கல் செய்வது, போனை எடுப்பது, கெடு தேதிக்கு முன்னால் இருபத்து மூன்று பேரையும் விரட்டுவது முதலிய சில்லறை வேலைகள். இதற்கெல்லாம் சம்பளம் என்று ஒன்றைக் கொடுத்து ரத்த பந்தத்தைக் கொச்சைப்படுத்தக் கணக்கருக்கு மனம் வரவில்லை. ஆனால், அக்கா வராவிட்டால் தீர்வகம் ஒரு நாள்கூட ஓடாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் யாரிடமும் சொன்னதில்லை, அக்காவிடம் சுத்தமாகச் சொன்னதில்லை.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில்தான் ஒரு ‘தொழில் வளர்ச்சி வழிகாட்டி’ நுழைந்தார். மூன்று நாள் இணைய வகுப்பு. முதல் நாள் இலவசம். இரண்டாம் நாள் கண்ணீர். மூன்றாம் நாள் கட்டணம். ‘எல்லாருக்கும் வேலை செய்கிறவன் யாருக்கும் வேலை செய்வதில்லை’ என்று அவர் சொன்னபோது கணக்கருக்குப் புல்லரித்தது. நமக்காகவே சொல்கிறாரே என்று நினைத்தார். அன்று வகுப்பில் இருந்த நானூறு பேருக்கும் அப்படித்தான் தோன்றியது.

மறுநாள் காலையில் சுழல் நாற்காலி அக்காவின் பக்கம் திரும்பியது.

“அக்கா, இன்னிக்கு நம்ம வரலாற்றுல முக்கியமான நாள்.”

“வாடகை குடுத்துட்டியா?”

“அதில்ல. நம்ம வாடிக்கையாளர்களைத் தரம் பிரிக்கப்போறோம். நேரத்துக்கு வராங்களா, பேரம் பேசாம பணம் குடுக்கறாங்களா, ரசீதை ஒழுங்கா வெச்சிருக்காங்களா, ஞாயித்துக்கிழமை போன் பண்ணாம இருக்காங்களா, இப்படிப் பன்னிரண்டு கேள்வி. மார்க்கு போட்டு அ, ஆ, இ, ஈ-ன்னு நாலு ரகம். ஈ ரகத்தை மரியாதையா ஒரு கடுதாசி போட்டு வெளியே அனுப்பிடறோம்.”

அக்கா கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்தாள். “ஆபீஸ் வெச்சு ஈ ஓட்டறவனைப் பார்த்திருக்கேன். ஈ ஓட்டறதுக்குத் திட்டம் போடறவனை இப்பத்தான்டா பார்க்கிறேன்.”

பெரிய சிந்தனைகளுக்கு வீட்டில்தான் முதல் எதிர்ப்பு கிளம்பும் என்று வழிகாட்டி முன்பே எச்சரித்திருந்தார். கணக்கர் கருணையோடு புன்னகைத்தார்.

தரப்படுத்தும் பணி மூன்று நாள் நடந்தது. முடிவுகள்: அ இரண்டு, ஆ ஐந்து, இ ஏழு, ஈ ஒன்பது. ஒன்பதிலும் கடைசி, பன்னிரண்டு கேள்விக்கும் பூஜ்யம் வாங்கிய ஒரே ஆள், அழகு நிலையத்து அம்மா. எல்லாரும் அவரைப் பார்லரம்மா என்பார்கள். அவர் ரசீதுகளைத் தலையணை உறையில் போட்டு எடுத்துவருவார். மேசைமேல் கொட்டினால் ரசீதோடு நாலு கொண்டை ஊசியும் விழும். வந்தால் முக்கால் மணி நேரம் பேசுவார், அதில் முக்கால் பங்கு மருமகளைப் பற்றி.

“அவங்களுக்குமா கடுதாசி?” அக்காவின் குரல் மாறியது. “ஆபீஸ் திறந்து நாலு மாசம் ஒரு காக்கா குருவி வரலையே, ஞாபகம் இருக்கா? முதல்ல படி ஏறினது அவங்கதான்டா. தலையில இடிச்சுக்கிட்டு ஏறினாங்க.”

“நன்றிக்கெல்லாம் கேள்வித்தாள்ல இடம் இல்லக்கா.”

“பன்னிரண்டு கேள்வி எழுதினவனுக்கு இன்னும் ஒரு கேள்வி எழுத முடியாதா?”

“உணர்ச்சிவசப்படாதே. அடிச்சுக் குடு.”

அக்கா கணினியில் அடித்துக் கொடுத்தாள். பிறகு அன்று முழுக்க அவள் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை என்பதைக் கணக்கர் கவனிக்கவே இல்லை. பெரிய மனிதர்களுக்கு அமைதி பிடிக்கும்.

அந்தக் கடிதத்துக்கு ‘மரியாதையான விடைபெறல் மடல்’ என்று பெயர். அலுவலகக் குறிப்புகளில் ம.வி.ம. அக்கா வைத்த பெயர் ‘போய்த்தொலை கடுதாசி’. அதன் வாசகம் பின்வருமாறு: ‘பேரன்புடையீர், நம் தொழிலுறவு அதன் இயற்கையான நிறைவை எட்டியிருப்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். தங்களுக்கு எங்களைவிடப் பொருத்தமானவர் எங்கோ காத்திருக்கிறார். தங்கள்மீது எங்களுக்கு எவ்வித வருத்தமும் இல்லை. தங்கள் ரகம்: ஈ.’

ஒன்பது மடல்கள் போயின. கணக்கருக்கு உடம்பே லேசானது போல் இருந்தது. வருமானமும் லேசானது.

இத்தோடு விட்டிருந்தால் ஒன்பது பேரோடு போயிருக்கும். ஆனால், சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நம் கணக்கருக்கு ஒன்றுவிட்ட சொந்தம். மீதமிருந்த பதினான்கு பேரும் முன்னேற வேண்டாமா? பன்னிரண்டு கேள்விகளையும் ம.வி.ம. மாதிரிப் படிவத்தையும் ‘கூடுதல் நன்மை’ என்று தலைப்பிட்டு அவர்களுக்கு இலவசமாக அனுப்பிவைத்தார். ‘உங்கள் வாடிக்கையாளர்களையும் தரம் பிரியுங்கள். தயங்காதீர்கள். யாராக இருந்தாலும் இரக்கம் காட்டாதீர்கள்’ என்று அடியில் சிவப்பில் அச்சிட்டிருந்தது.

அவர்கள் தயங்கவில்லை.

முதலில் பிசியோ போன் செய்தார். கணக்கர் வாரம் ஒருமுறை இடுப்பைக் கொண்டுபோய் ஒப்படைப்பது அவரிடம்தான்.

“சார், நல்ல திட்டம் சார். நேத்து ராத்திரியே எல்லாருக்கும் மார்க்கு போட்டுட்டேன்.”

“சபாஷ்! எத்தனை ஈ வந்தது?”

“ஒண்ணே ஒண்ணுதான் சார்.” பிசியோ தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. “நீங்கதான்.”

“நானா?”

“நாலு மணிக்கு வரச்சொன்னா அஞ்சே காலுக்கு வர்றீங்க. சொல்லிக்குடுத்த பயிற்சியை ஒரு நாளும் செஞ்சதில்ல. தெரிஞ்சவங்கதானேன்னு பாதிக் காசு குடுக்கறீங்க. ஞாயித்துக்கிழமை போன் பண்ணி, ‘ஒரே ஒரு சின்ன சந்தேகம், குனியலாமா?’ன்னு கேக்கறீங்க. யாரா இருந்தாலும் இரக்கம் காட்டாதேன்னு நீங்கதானே சார் சிவப்புல போட்டிருந்தீங்க? மடல் தபால்ல வருது.”

மறுநாள் ஏசி மெக்கானிக் படியேறி வந்தார். கணக்கரின் தலைக்கு மேலே இருந்த ஏசி சொட்டிக்கொண்டிருந்தது. அதை அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மடலை இரண்டு கையாலும் நீட்டினார்.

“அந்த ஏசியை ஒரு நிமிஷம் பார்த்துட்டுக் குடேன்பா.”

“அதான் சார் அஞ்சாவது கேள்வி. ‘ஒரு நிமிஷம் என்று சொல்லி ஒரு மணி நேரம் வாங்குகிறாரா?’ நல்லாக் கேட்டிருக்கீங்க சார். நம்ம பொழப்பையே புரிஞ்சு எழுதியிருக்கீங்க.” அவர் கண் கலங்கியது. கணக்கருக்கும் கலங்கியது, வேறு காரணத்துக்காக.

அன்று மாலை டியூஷன் வாத்தியார் கணக்கரின் வீட்டுக்கே வந்து மடல் கொடுத்தார். அவரிடம் படிக்கும் மகளின் தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம். “நீங்கதான் கணக்கராச்சே, நீங்களே சொல்லிக்குடுங்க,” என்றாள் மனைவி. கணக்கர் பாடப் புத்தகத்தைப் பிரித்தார். அதில் எண்களுக்கு நடுவே எழுத்துகள் இருந்தன. கூட்டல் கழித்தலோடு எழுத்து எதற்குக் கலந்தார்கள் என்று மகளிடமே கேட்டார். மகள் புத்தகத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

தன்மானமுள்ள ஒரு மனிதர் இந்த நிலையில் என்ன செய்வார்? மூவருக்கும் ஒரே நாளில் பதில் ம.வி.ம. அனுப்பினார். இப்படியாகத் தம் மிகச் சிறந்த ‘அ’ இருவரையும், ஓர் ‘ஆ’வையும் கணக்கர் தம் கையாலேயே ‘ஈ’ ஆக்கினார். மீதி பதினொன்று.

“தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கறதுன்னா இதான்,” என்று அக்கா ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள். அத்தனை நாளில் அதுதான் அவள் பேசிய நீளமான வாக்கியம்.

அடுத்த திங்கட்கிழமை அக்கா வரவில்லை. சுழலாத நாற்காலியில் ஓர் உறை கிடந்தது. நின்றபடியே பிரித்தார். பேரன்புடையீர், இயற்கையான நிறைவு, மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம், எல்லாம் அப்படியே இருந்தது. தம்பிக்குப் போட்ட மார்க்குத் தாளும் இணைத்திருந்தாள். பன்னிரண்டு கேள்விக்கும் பூஜ்யம். கீழே கையால் பதின்மூன்றாவதாக ஒரு கேள்வி எழுதியிருந்தாள்: ‘ஒரு நாளாவது சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறாரா?’ அதற்கு மார்க்கு போடும் இடத்தைக் காலியாக விட்டிருந்தாள்.

கணக்கர் போன் செய்தார். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. பதினாறு முறை அடித்தார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஏசியிலிருந்து நெற்றியில் சொட்டியது, நல்லவேளை, யாராவது பார்த்தால் அதைச் சொல்லிச் சமாளிக்கலாம்.

மீதிப் பதினொரு பேரும் இரண்டு வாரத்தில் கரைந்தார்கள். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. போன் செய்து, “அக்கா இல்லையா?” என்பார்கள். “நான்தான் நிறுவனர் பேசறேன்,” என்பார் கணக்கர். “அப்படியா, நீங்களும் அங்கதான் இருக்கீங்களா?” என்று மரியாதையாக விசாரித்துவிட்டு வைத்துவிடுவார்கள்.

இதற்குள் வரித் தாக்கலுக்குக் கெடு வந்துவிட்டது. வேறு யார் கணக்கும் இல்லாததால் கணக்கர் முதன்முறையாகத் தம்முடைய சொந்தக் கணக்கைப் போட உட்கார்ந்தார். கணினி கடவுச்சொல் கேட்டது. நிறுவனத்தின் பெயரைப் போட்டார், இல்லை என்றது. தம் பெயர், தம் பிறந்தநாள், ‘வளர்ச்சி’, ‘வெற்றி’, ‘வெற்றி1’ என்று வரிசையாகப் போட்டுப் பார்த்தார். ஆறாவது தடவை அது கதவை அடைத்துவிட்டது. பதினொரு வருட நிறுவனத்துக்குள் நுழைய நிறுவனருக்கு வழி தெரியவில்லை.

மறுநாள் மதியம் ரசீதுகளை அள்ளி ஒரு துணிப்பையில் திணித்துக்கொண்டு, இடுப்பைப் பிடித்தபடி, சலவைக் கடைக்காரர் சொன்ன வழியில் மூன்று தெரு நடந்தார். பார்லரம்மாவின் அழகு நிலையத்துக்குப் பின்னால் ஓர் அறை. பலகை எதுவும் இல்லை. வெளியே பெஞ்சில் பிசியோவும் நாய் வாத்தியாரும் ஏசி மெக்கானிக்கும் உட்கார்ந்திருந்தார்கள். இன்னும் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். எல்லார் கையிலும் ரசீதுப் பை. மெக்கானிக் நகர்ந்து இடம் கொடுத்தார். உள்ளே ஏசி சொட்டவில்லை.

முறை வந்தது. அக்கா நிமிர்ந்தாள். அவள் உட்கார்ந்திருந்த நாற்காலி சுழலும் நாற்காலி.

“உட்காருங்க. தொழில்?”

“அக்கா...”

“தொழில் என்னன்னு கேட்டேன்.”

“கணக்கு எழுதறது.”

“போன வருஷம் வரைக்கும் உங்க கணக்கை எழுதினது யாரு? எல்லார்கிட்டயும் கேக்கறதுதான். பழைய ஆள் செஞ்ச தப்பு நம்ம தலையில விழக்கூடாது பாருங்க.”

கணக்கர் துணிப்பையின் காதைத் திருகினார். “நீதான்க்கா.”

“உங்க வாடிக்கைக்காரங்க கணக்கை?”

கதவருகே நின்றவர்கள் ஓர் அடி உள்ளே வந்தார்கள்.

“அதுவும் நீதான். எல்லாம் நீதான்க்கா. நான் ஒண்ணும் பண்ணல.”

“வாயால சொன்னா செல்லாது. எழுதிக் குடு.” ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவர் பக்கம் தள்ளினாள்.

கணக்கர் எழுதினார். ‘எனது நிறுவனத்தின் கணக்குகள் அனைத்தையும் பதினொரு வருடமாகச் சம்பளமின்றி எழுதிவந்தவர் என் அக்கா என்று இதன்மூலம் உறுதி கூறுகிறேன்.’ கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டு நீட்டினார். தொழில் வாழ்க்கையில் அவர் தம் கையால் எழுதிய முதல் கணக்கு அது.

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். சிவப்புப் பேனாவை எடுத்து ஓரிடத்தில் சுழித்தாள்.

“இதுலயும் தப்பு. பதினொண்ணு இல்லடா, பன்னண்டு. முதல் வருஷம் பூரா நீ பலகைக்குப் பேரு யோசிச்சுக்கிட்டு இருந்தே.”