பதினெட்டுக்குப் பதினாறு

1964 நவம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணி இருபது நிமிடம். வானத்தில் மேகங்கள் மூன்று. அவற்றில் ஒன்று மேகமா, ஏதாவது ஆலைப் புகையா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம். காற்று வடக்கிலிருந்து, லேசாக. டிராம்பே படகுத்துறையில் தண்ணீர் வரை படிகள் பத்தொன்பது. அவற்றில் இறங்கும்போது ஒருவர் என்னை "மாப்பிள்ளை" என்று கூப்பிட்டார். திரும்ப ஏறும்போது அவரே "மிஸ்டர்" என்றார். இடையில் நடந்த அத்தனைக்கும் நான்தான் காரணம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

எனக்கு எதையும் எண்ணும் வழக்கம் உண்டு. மாட்டுங்காவில் என் வீட்டு வாசலிலிருந்து கிங்ஸ் சர்க்கிள் பஸ் ஸ்டாப்புக்கு அறுநூற்று நாற்பத்திரண்டு காலடி. (மழைக்காலத்தில் குட்டைகளைச் சுற்றி அறுநூற்று எண்பது.) அப்போது வயது இருபத்தாறு. ஒரு கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன். சட்டைப் பையில் எப்போதும் ஸ்லைடு ரூல், அந்தக் காலத்துக் கணக்குப் போடும் அளவுகோல். அது வெளியே தெரிகிற மாதிரி பையைச் சற்றுக் குட்டையாகத் தைக்கச் சொல்லியிருந்தேன்.

செம்பூருக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில்தான் வினை ஆரம்பித்தது. பெண் பெயர் ஜெயா. அவள் அப்பா வைத்தியநாதன், துறைமுக வேலைகளுக்கு லாஞ்ச் என்கிற மோட்டார் படகு விடும் காண்ட்ராக்டர். கேசரியும் பஜ்ஜியும் ஆனபின் அவர் சொன்னார்:

"எஞ்சின் என்னமா கத்தறது தெரியுமோ? ஆனா லாஞ்ச் நகரமாட்டேங்கறது. நீங்க படிச்சவராச்சே, என்னவா இருக்கும்?"

நான் அதுவரை எந்தப் படகிலும் ஏறியதில்லை. ஆனால் ஜெயா கதவோரம் நின்றுகொண்டிருந்தாள்.

"ப்ரொப்பெல்லர் பிட்ச் போறாது, மாமா" என்றேன். தற்செயலாக அது சரியாகவே இருந்தது. தெரியாமல் ஒருமுறை சரியாகச் சொல்லிவிடுகிறவனைப் போல ஆபத்தானவன் கிடையாது.

பிட்ச் என்றால் ஒன்றும் பெரிய விஷயமில்லை. மரத்தில் ஸ்க்ரூவைத் திருகினால் ஒரு சுற்றுக்கு எவ்வளவு உள்ளே போகிறதோ, அதுதான். தண்ணீர் மரமில்லை என்பதால் கொஞ்சம் வழுக்கும். லாஞ்சில் இருந்தது விட்டம் பதினெட்டு அங்குலம், பிட்ச் பதினொன்று. ஒரு சுற்றுக்குப் பதினொரு அங்குலம் போவது பதினாறு அங்குலம் போனால் வேகம் ஒன்றரை மடங்கு. இரண்டு இரவுகள் கணக்குப் போட்டேன். படகின் எடை தெரிந்தது, எஞ்சின் சுற்று தெரிந்தது. ஏறப்போகும் ஆட்கள் மட்டும் தெரியவில்லை. வைத்தியநாதனிடமே கேட்டேன். புது ப்ரொப்பெல்லர் போட்டதும் இரு குடும்பமும் லாஞ்சில் எலிஃபெண்டா தீவுக்குப் போய், அங்கே நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிப்பதாகத் திட்டம்.

"யார் வரப்போறா? நம்ம மனுஷா மட்டும்தான்."

எங்கள் வீட்டில் அம்மா, அக்கா, நான். அவர்கள் வீட்டில் நான்கு பேர். லாஞ்ச் ஓட்டுகிற கணு. மொத்தம் எட்டு. ஆளுக்கு அறுபது கிலோ, சாப்பாட்டுக்கு இருபது கிலோ. ஐந்நூறு கிலோ என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டேன்.

தாராவியில் மீரான் பாய்க்குப் பித்தளை வார்க்கும் பட்டறை. திருநெல்வேலிப் பக்கத்து மனிதர். என் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்ன தம்பி, பதினெட்டுக்குப் பதினாறா? எஞ்சின் முக்கிரும். சாய்வைக் கூட்டணும்னா வட்டத்தை ஒரு இஞ்சு கொறைக்கணும். பதினேழுக்குப் பதினாலு போடும். ரெண்டும் இருக்கணும்னா ஒத்த மாட்டுல ரெண்டு வண்டியப் பூட்டுன மாதிரில்லா?"

"கணக்கு போட்டுட்டேன் பாய். பொண்ணு வீட்டாரோட சேத்து எட்டே பேர்தான்."

"பொண்ணு வீட்டுக்காரவ எட்டே பேரா?" அவர் என் ஸ்லைடு ரூலை வாங்கி அப்படியும் இப்படியும் திருப்பினார். "இதுல பெரியப்பா சித்தப்பால்லாம் வருவாவளா?"

நான் சிரிக்கவில்லை. வார்க்கச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

சனிக்கிழமை வெள்ளோட்டம். ஏறியது ஆறு பேர். லாஞ்ச் பறந்தது. வைத்தியநாதன் என் தோளில் தட்டி, "பிரமாதம் மாப்பிள்ளை!" என்றார். நிச்சயத்துக்கு முன்பே அந்த வார்த்தை. அன்று வீட்டுக்கு அறுநூற்று நாற்பத்திரண்டு அடியை ஐந்நூற்றுப் பத்தில் முடித்தேன்.

ஞாயிறு காலை முதல் டாக்ஸி வந்தது. ஐந்து பேர். அடுத்ததில் ஆறு பேர். அப்புறம் பஸ். ஆண்டாப் ஹில்லிலிருந்து பெரியப்பா குடும்பம், கோவண்டியிலிருந்து இரண்டு சித்தப்பாக்கள், மடிசாரில் அத்தை, மாடி வீட்டுக்காரர், மாடி வீட்டுக்காரரைப் பார்க்க நாக்பூரிலிருந்து வந்திருந்த ஒருவர். நான்கு அண்டா. ஒன்றில் புளியோதரை, ஒன்றில் தயிர்சாதம், மற்ற இரண்டையும் திறந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. முப்பத்தொரு பேர்.

"எல்லாரும் வரேளா?" என்றேன்.

"ஆமாம், நம்ம மனுஷா மட்டும்தான்" என்றார் வைத்தியநாதன், பெருமையாக.

அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் பெண் வீட்டாரைப் பார்த்து "பாதிப் பேர் இறங்குங்கள்" என்று சொல்லக்கூடிய மாப்பிள்ளை எங்கள் சமூகத்தில் இன்னும் பிறக்கவில்லை. ஒவ்வொருவராகக் கை பிடித்து ஏற்றிவிட்டேன். அப்போதுதான் லாஞ்சின் பக்கவாட்டில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்ததைப் பார்த்தேன்: 35 ஆட்கள். (பஸ் டிக்கெட்டின் நம்பரைக்கூடக் கூட்டிப் பார்க்கிறவன் நான்.)

கிளம்பினோம் என்று சொல்லலாம். எஞ்சின் ஒருமுறை உறுமியது, பிறகு முனகியது. கரும்புகை எழுந்து நேரே பின்பக்கம் உட்கார்ந்திருந்த பட்டுப் புடவைகளைத் தேடிப் போனது.

"ஸாப், இஞ்சின் ரோ ரஹா ஹை" என்றான் கணு. (எஞ்சின் அழுகிறதாம்.) "பங்கா பாரி ஹை." (விசிறி கனமாம்.)

இடது பக்கம் ஒரு சிவப்பு மிதவை. நாற்பது நிமிடம் அதே இடத்தில் இருந்தது. பிறகு கடல் ஏற்றம் எங்களைப் பின்னால் தள்ள, மிதவை எங்களை முந்திக்கொண்டு முன்னால் போக ஆரம்பித்தது.

"என்ன மாப்பிள்ளை, போறோமா, நிக்கறோமா?"

"கொஞ்சம் வழுக்கறது, மாமா."

"போரிபந்தர்ல ட்ரெயினுக்கு நிக்கறபோதுகூட நான் இதைவிட வேகமா நகர்ந்திருக்கேன்" என்றார் பெரியப்பா.

எஞ்சின் சூடேறிவிட்டது என்று கணு வேகத்தைக் குறைத்தான். அந்த நேரத்தில் பாய்மரத்தோடு ஒரு மீன்படகு எங்களைக் கடந்தது. படகுக்காரர் கயிற்றைத் தூக்கிக் காட்டி, "காய் ஷேட், தோர் பாயிஜே கா?" என்றார். கயிறு வேண்டுமா என்ற கேள்வியில் அவ்வளவு மரியாதை இருந்தது. எனக்கு அழுகையே வந்தது.

அதுவரை வாய் திறக்காத ஜெயா சொன்னாள்: "அப்பா, பாதிப் பேர் அந்தப் படகுல ஏறிண்டா இது நகரும், இல்லையா?"

பதினான்கு பேர் மாறினார்கள். அத்தை ஒரு கையால் மூக்கையும் மறு கையால் தயிர்சாத அண்டாவையும் பிடித்துக்கொண்டு, மீன் கூடைகளுக்கு நடுவில் நின்றார். பிறந்ததிலிருந்து வெங்காயம்கூடத் தொடாதவர். கணு எஞ்சினை முடுக்கினான். லாஞ்ச் சிலிர்த்துக்கொண்டு பாய்ந்தது.

நான் என்னை மறந்தேன். "பாத்தேளா! என் கணக்கு சரி! கணக்கு சரி!" என்று கத்தினேன்.

மீன்படகிலிருந்து அத்தையின் குரல் வந்தது: "கணக்கு சரிதான் மாப்பிள்ளை! நான் எங்கே நிக்கறேன், அதைப் பாருங்கோ!"

எலிஃபெண்டா வேண்டாம் என்று திரும்பினோம். பத்தொன்பது படிகள். பன்னிரண்டாவது படியில் வைத்தியநாதன் நின்றார்.

"மிஸ்டர், உங்க ஜாதகத்தை நாளைக்கு ஆள்கிட்டக் குடுத்தனுப்பறேன்."

எனக்குப் பதிமூன்றாவது படி கண்ணுக்குத் தெரியவில்லை. பின்னாலிருந்து ஜெயா சொன்னாள்:

"அப்பா, அவர் எத்தனை பேர்னு உங்களைக் கேட்டாரோல்லியோ? 'நம்ம மனுஷா மட்டும்'னேள். நம்ம மனுஷா எத்தனை பேர்னு உங்களுக்கே தெரியாது. அவருக்கு எப்படித் தெரியும்?"

வைத்தியநாதன் திரும்பிப் படிகளில் வரிசையாக நின்ற நம்ம மனுஷாளைப் பார்த்தார். பாதி கறுத்திருந்தது, பாதி நாறியது. முதலில் பெரியப்பாதான் சிரித்தார்.

"பங்காவை எப்போ மாத்தறேள்?" என்றார் வைத்தியநாதன். மாப்பிள்ளையும் இல்லை, மிஸ்டரும் இல்லை.

"வெள்ளிக்கிழமைக்குள்ளே, மாமா."

"மாத்துங்கோ. அப்புறம் பேசலாம்."

மீரான் பாய் ஒன்றும் கேட்கவில்லை. விட்டத்தில் ஒரு அங்குலம் சீவினார். இதழ்களைச் சூடுகாட்டித் தட்டி, பிட்ச்சை இரண்டு அங்குலம் இறக்கினார். பதினேழுக்குப் பதினாலு. கையில் கொடுக்கும்போது மட்டும், "எத்தனை பெரியப்பா வந்தாவ?" என்றார்.

அடுத்த ஞாயிறு வைத்தியநாதன் வேண்டுமென்றே சரியாக முப்பத்தைந்து பேரைக் கூட்டிவந்தார். எஞ்சின் அழவில்லை. புகை வரவில்லை. சிவப்பு மிதவை நான்கே நிமிடத்தில் பின்னால் போனது. எலிஃபெண்டாவில் இறங்கும்போது அவர் கையை நீட்டினார்.

"மாப்பிள்ளை, கை குடுங்கோ. வழுக்கறது."

ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றும் எங்கள் வீட்டில் யாராவது விருந்துக்குக் கூப்பிட்டு "யாரும் இல்லை, நம்ம மனுஷா மட்டும்தான்" என்றால், பேத்தி வரை எல்லோரும் என் பக்கம் திரும்பி, "தாத்தா, பதினெட்டுக்குப் பதினாறா, பதினேழுக்குப் பதினாலா?" என்கிறார்கள். எங்கள் கல்யாணத்துக்கும் நம்ம மனுஷா மட்டும்தான் வந்தார்கள். இலைகளை நான்தான் எண்ணினேன்: அறுநூற்றுப் பன்னிரண்டு. அது மாமனார் செலவு, என் கணக்கில் சேராது.

என் கணக்கு இதுதான். வார்ப்புக்கு நூற்று முப்பத்தைந்து ரூபாய், சீவித் தட்டியதற்குப் பதினெட்டரை, மீன்படகுக்குப் பத்து, பதினான்கு புடவை வெளுப்புக்குப் பதினொன்று இருபது, அத்தைக்குத் தீட்டுக் கழித்த சாஸ்திரிகளுக்கு ஐந்தேகால். ஜெயா மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு இதைச் சரிபார்த்துவிட்டாள். ஆக மொத்தம் நூற்று எழுபத்தொன்பது ரூபாய் தொண்ணூற்றைந்து பைசா.