தகப்பன் என்ற ஐந்தாவது கட்டம்

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு மாப்பிள்ளையின் பணிவான வணக்கங்கள்.

இங்கே நானும் உங்கள் பேத்தி பட்டாணியும் நலம். நலம் என்று எழுதும்போதே, "எத்தனை கிராம் நலம் மாப்பிள்ளை?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. முப்பத்து நாலு வருஷம் கடை கடையாக ஏறி இறங்கித் தராசுகளுக்கு முத்திரை குத்திய கை உங்களுடையது. அந்தக் கைக்கு முன்னால் 'நல்லாத்தான் இருக்கா' என்ற பேச்செல்லாம் செல்லாது என்று எனக்குத் தெரியும். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

இதைப் போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்றால், போனில் நீங்கள் பேசி முடித்து வைத்த பிறகுதான் என் பக்கத்து நியாயமே எனக்கு ஞாபகம் வருகிறது. போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சொன்னதை வரி பிசகாமல் குறித்து வைத்திருக்கிறேன். "வர்ற சனிக்கிழமை எடை போடுங்க. பத்து கிலோ நானூறுக்கு ஒரு கிராம் குறைஞ்சிருந்தாலும் ஞாயித்துக்கிழமை காலையில வண்டியோட வாசல்ல நிப்பேன். அவ அம்மா பயிற்சி முடிச்சு வர்ற வரைக்கும் பட்டாணி எங்ககிட்டயே இருக்கட்டும்." நானும் "சரி மாமா" என்று சொல்லிவிட்டேன். அது பழக்கத்தில் வாயிலிருந்து வந்த சரி. மனசிலிருந்து வந்ததல்ல. அந்தச் சரியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். இதைச் சொல்வதற்கே எனக்கு மூன்று நாள் ஆகியிருக்கிறது என்பதையும் தயவுசெய்து கவனிக்க வேண்டும்.

நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். உங்கள் மகள் ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று மாத அறுவைச் சிகிச்சைக்கூடப் பயிற்சிக்குப் புறப்பட்டுப் போனாள் அல்லவா, அதே வாரத்தில் எங்கள் பாத்திரக் கம்பெனி மேலாளர் என்னைக் கூப்பிட்டு, "பெரிய சமையலறைக்குக் கரண்டி, இடுக்கியெல்லாம் வரைஞ்சது போதும். சின்னப் பிள்ளைங்க தானா எடுத்துச் சாப்பிட ஒரு ஸ்பூன் வேணும். குத்தக் கூடாது, உடையக் கூடாது, தொண்டைக்குள்ள போகக் கூடாது, பிஞ்சுக் கைக்குப் பிடிக்க லேசா இருக்கணும். உங்களுக்கென்ன, சோதிச்சுப் பாக்க வீட்டுலயே ஆள் இருக்கு" என்றார். பன்னிரண்டு வருஷமாக ஐநூறு பேருக்குப் பரிமாறும் கரண்டிகளை வரைந்தவன் நான். கைப்பிடி முழ நீளம் இல்லாவிட்டால் அதைக் கரண்டி என்றே என் கண் ஒத்துக்கொள்ளாது. ஆனாலும் எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கம்பெனி வேலையும் நடக்கும், பிள்ளையும் தானாகச் சாப்பிடப் பழகிவிடும் என்று மனக்கோட்டை கட்டினேன். அன்று மாலையே ஒரு நோட்டு வாங்கி ஐந்து கட்டம் போட்டேன். வாய், கன்னம், தலைமுடி, சுவர், தகப்பன். அவள் எடுக்கும் ஒவ்வொரு ஸ்பூன் சோறும் எங்கே போய்ச் சேருகிறதோ அந்தக் கட்டத்தில் ஒரு கோடு. காலையிலும் மாலையிலும் அவள் உயர நாற்காலியில் உட்காருவாள், நான் எதிரே நோட்டும் பேனாவுமாக உட்காருவேன். உங்கள் மகள் போனில், "நீங்களும் அவகூட உக்காந்து சாப்பிடுறீங்கல்ல?" என்று கேட்டாள். "கூட உக்காந்து எழுதுறேன்" என்று பெருமையாகச் சொன்னேன். "எழுதுறீங்களா?" என்று திருப்பிக் கேட்டாள். லைன் சரியில்லை என்று நினைத்து இன்னும் சத்தமாகச் சொன்னேன்.

முதல் எண் ஸ்பூன் என் பழைய புத்தியில் வந்தது. நல்ல கனமான எஃகுக் கைப்பிடி. பட்டாணி அதைத் தூக்கித் தன் நெற்றியில் ஒன்று போட்டாள். அழுவாள் என்று பதறி நான் குனிந்தேன், என் நெற்றியிலும் ஒன்று போட்டுவிட்டு அப்புறம்தான் அழுதாள். இரண்டாம் எண்ணுக்கு வாய்ப்பக்கம் மெத்தென்று செய்தோம். அதைக் கடித்துத் துண்டாக்கிவிட்டாள். நல்லவேளை, துண்டைத் துப்பிவிட்டாள். அதை எடுத்துக்கொண்டு மறுநாள் கம்பெனிக்கு ஓடினேன். எங்கள் சோதனைக்கூடத்தில் ஒரு அம்மா இருக்கிறார். சின்னப் பிள்ளையின் தொண்டை அளவுக்கு ஒரு குழாயை எப்போதும் கோட்டுப் பையில் வைத்திருப்பார். எந்தத் துண்டு அந்தக் குழாய்க்குள் முழுசாக அடங்குகிறதோ அது ஆபத்து, அந்தச் சாமானைக் கம்பெனி விற்கக் கூடாது. எல்லாரும் அவரைக் குழாயம்மா என்றுதான் கூப்பிடுகிறோம். பட்டாணி கடித்த துண்டை அவர் குழாயில் போட்டார், 'டொக்'கென்று அடியில் போய் உட்கார்ந்தது. "இது ஸ்பூன் இல்ல சார், சாப்பாட்டுல ஒரு அயிட்டம்" என்றார். அதோடு விட்டாரா? என் சட்டையில் தொங்கிக்கொண்டிருந்த பொத்தானைப் பிய்த்து அதையும் குழாயில் போட்டுக் காட்டி, "வீட்டுல பிள்ளை இருக்குல்ல? முதல்ல இதப் போய்த் தைங்க" என்று என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

நாலாம் எண்ணில், ஸ்பூன் தொண்டைவரை போகாமல் தடுக்கக் கழுத்தில் வட்டமாக ஒரு தடுப்பு வைத்தேன். நான் வைத்த தடுப்பில் ஸ்பூன் உதட்டைக்கூடத் தொடவில்லை. அவள் ரொம்ப நேரம் தடுப்பை நக்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள் பாருங்கள், அப்படி ஒரு பார்வை மேலாளர்கூட என்னைப் பார்த்ததில்லை. ஆறாம் எண்ணோடு, மேசையில் காற்றை உறிஞ்சிக்கொண்டு ஒட்டி நிற்கும் கிண்ணமும் சேர்த்துச் செய்தோம். அது பட்டாணி கவிழ்க்க முடியாதபடி அருமையாக ஒட்டியது. பிறகு யாராலும் எடுக்க முடியாதபடியும் ஒட்டியது. மேசைப் பலகையைக் கழற்றி, கிண்ணத்தோடு பேருந்தில் ஏற்றிக் கம்பெனிக்குக் கொண்டுபோனேன். நடத்துனர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்துகொண்டார். எங்கள் அச்சுக்காரர், அதாவது என் படத்தைப் பார்த்து அச்சு வெட்டுகிறவர், கிண்ணத்தின் ஓரத்தைக் கட்டைவிரலால் லேசாக நெம்பினார். கையோடு வந்துவிட்டது. "காத்த உள்ள விட்டா வந்துடப் போகுது. இதுக்கு ஏன் சார் மேசையோட மல்லுக்கட்டுறீங்க?" என்றார். எட்டாம் எண்ணை வலது கைக்குத் தோதாக வளைத்திருந்தேன். ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது, பட்டாணிக்கு இடது கைப் பழக்கம். பெற்ற பிள்ளைக்கு எந்தக் கை ஓங்கியது என்று தெரியாமல் ஒரு வருஷம் பத்து மாதம் ஓட்டியிருக்கிறேன் மாமா. அதை உங்களிடம் ஒளிக்க விரும்பவில்லை.

ஒன்பதாம் எண்ணிலிருந்து எல்லாமே சரியாகிவிட்டது. கைப்பிடி குட்டையாக, பருமனாக, அவள் முஷ்டிக்குள் அம்சமாக உட்கார்ந்தது. எந்தக் கைக்கும் பொருந்தியது. குழாயம்மா அதைக் கொதிக்க வைத்தார், கீழே போட்டார், முறுக்கினார். கடைசியில் "ம்" என்றார். அவர் வாயிலிருந்து 'ம்' வந்தால் எங்கள் கம்பெனியில் அதற்குப் பேர் பாராட்டு விழா. மிச்சம் இருப்பது ஒரே ஒரு பழுதுதான். அந்தப் பழுதுதான் என் உயிரை வாங்குகிறது, பிள்ளையின் எடையையும் வாங்குகிறது. அது ஐந்தாவது கட்டம். அவள் சோற்றை ஒழுங்காகத்தான் அள்ளுகிறாள். சிந்தாமல் முகவாய்வரை தூக்குகிறாள். அங்கே ஒரு நிமிஷம் நிற்கிறாள். பிறகு கை வெளிப்பக்கமாகத் திரும்பி, ஸ்பூன் நேராக என்னைப் பார்த்து வருகிறது! நான் பின்னால் நகர்கிறேன், சோறு என் சட்டையில் விழுகிறது. "எனக்கில்லடா, பாப்பாவுக்கு! இப்படி, ஆ..." என்று என் வாயைப் பெரிதாகத் திறந்து காட்டுகிறேன். நான் எவ்வளவு பெரிதாகத் திறந்து காட்டுகிறேனோ அவ்வளவு வேகமாக அந்த ஸ்பூன் தப்பான பக்கம் வருகிறது. போன ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு: வாய் ஒன்பது, தகப்பன் முப்பத்தொன்று. இத்தனைக்கும், பகலில் அவளை விடும் காப்பகத்தில் மற்ற பிள்ளைகளோடு உட்கார்ந்தால் பேசாமல் சாப்பிடுகிறாளாம். அங்கே இருப்பது சாதாரண ஸ்பூன். இது எப்படி என்று விசாரிக்க வேண்டும் என நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

என் முடிவு, குற்றம் ஸ்பூனின் கழுத்தில் இருக்கிறது என்பதுதான். பத்தாம் எண்ணில் கழுத்தை உள்பக்கமாகக் கொஞ்சம் வளைத்தேன். பதினொன்றில் இன்னும் கொஞ்சம். பதினாலில் அச்சுக்காரர், "சார், இதுக்கு மேல வளைச்சா கேள்விக்குறி ஆயிடும்" என்றார். அதோடு நிறுத்தாமல் என்னை மேலும் கீழும் பார்த்து, "அது சரி, பெல்ட்டுல புதுசா ஓட்டை போட்டிருக்கீங்க போல?" என்று கேட்டார். மதிய இடைவேளை முழுக்க அச்சுப் பட்டறையிலேயே போய்விடுகிறது. வீட்டிலும் அவளைத் தூங்க வைத்த பிறகு தட்டில் மிஞ்சியதை நின்றபடியே வழித்துப் போட்டுக்கொள்கிறேன். பெல்ட் ஓட்டைக்கும் ஸ்பூனுக்கும் என்ன சம்பந்தம் என்று படத்தைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆகவே என் விண்ணப்பம் இதுதான். பதினைந்தாம் எண்ணில் கழுத்தை இன்னும் வளைத்து, கைப்பிடியில் கொஞ்சம் கனம் ஏற்றப்போகிறேன். ஐந்தாவது கட்டத்தை ஒழித்துக்கட்டிவிடுவேன். இன்னும் இரண்டு வாரம் மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை முள் எங்கே நின்றாலும் ஞாயிற்றுக்கிழமை வண்டி எடுக்காதீர்கள். பிள்ளையை உங்களிடம் அனுப்பினேன் என்று தெரிந்தால் உங்கள் மகள் பாதிப் பயிற்சியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிடுவாள். "நான் பாத்துக்கிறேன், நீ போ" என்று அவளைப் பேருந்து ஏற்றிவிட்டவன் நான். இன்னொரு காரணமும் இருக்கிறது. பட்டாணியும் போய்விட்டால் இந்த வீட்டில் எனக்கு யார் இருக்கிறார்கள்? காப்பகத்து வாசலில் என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறாளே, அது இல்லாமல் சாயங்காலம் வீட்டுக்கு எப்படி வருவது? என் சட்டையில் சோறு கொட்ட வேறு யார் வருவார்கள்? எடையில் நான் தோற்றிருக்கலாம் மாமா. பாசத்தில் முத்திரை குத்திப் பாருங்கள், ஒரு கிராம் குறையாது.

அத்தைக்கு என் வணக்கத்தையும், அவர்கள் முழங்காலுக்கு என் பிரார்த்தனையையும் தெரிவிக்கவும். கோபித்துக்கொண்டாலும் போனை எடுக்கவும்.

உங்கள் கீழ்ப்படிதலுள்ள, ஆனால் இந்த ஒரு விஷயத்தில் கீழ்ப்படியாத,
மாப்பிள்ளை.

பின்குறிப்பு: உறை கசங்கி, மஞ்சள் கறையோடு வந்திருப்பதற்கு மன்னிக்கவும். அது மசித்த பூசணிக்காய். கடிதத்தை உறையில் போட்டு, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பசையை நனைக்க வாயைத் திறந்து நாக்கை நீட்டினேன். எதிரே பட்டாணி ஒன்பதாம் எண் ஸ்பூனோடு உட்கார்ந்திருந்தாள். பதினாலாம் எண்ணைக் கம்பெனியிலேயே மறந்து வைத்துவிட்டு வந்திருந்தேன். கடிதம் எழுதும் மும்முரத்தில் இன்று நோட்டையும் எடுக்கவில்லை. கண் உறையில் இருந்ததால் நான் பின்னால் நகரவில்லை. ஸ்பூன் வந்தது. நேராக என் வாய்க்குள் வந்தது. ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை மாமா.

அவள் ஸ்பூனை எடுத்துவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "முங்கு" என்றாள். முழுங்கு என்கிறாள் என்று புரிந்து விழுங்கினேன். உள்ளங்கையால் என் முகவாயைத் துடைத்துவிட்டாள். அப்புறம் ஒரு ஸ்பூன் அள்ளித் தன் வாயில் போட்டுக்கொண்டாள். எங்கேயும் திரும்பாமல், நேராக. அடுத்தது எனக்கு. "அப்பா, ஆ." அதற்கடுத்தது அவளுக்கு. கிண்ணம் காலியாகி, இரண்டாம் தடவை நிரப்பி, அதுவும் காலி.

ஆறு வாரமாக அவள் முன்னால் உட்கார்ந்து வாயைத் திறந்து ஆ காட்டியது நான்தான். பசித்தவன் என்று நினைத்து அவள் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். நான் பின்னால் நகர்ந்து, சிந்தவைத்து, அதைப் பழுது என்று எழுதி வைத்திருக்கிறேன். 'அம்மாவுக்கு ஒரு வாய், பாப்பாவுக்கு ஒரு வாய்' என்று உங்கள் மகள் ஊட்டும் சத்தத்தை அடுத்த அறையிலிருந்து எத்தனை நாள் கேட்டிருக்கிறேன்! அந்த நோட்டை இப்போது திறந்து முப்பத்தொரு கோட்டையும் பார்த்தேன். கண்ணில் நீர் வந்து எழுத்தை மறைக்கிறது. இந்த ஆறு வாரத்தில் நான் இளைத்துப்போனதைக் கண்டுபிடித்து அதற்கு ஏதாவது செய்யப் பார்த்தது, இரண்டு வயதுகூட நிரம்பாத ஒரே ஒரு ஆள்தான்.

ஆகவே மேலே கழுத்து, வளைவு, பதினைந்தாம் எண் என்று நான் எழுதியதையெல்லாம் அடித்துவிடவும். ஸ்பூன் ஒன்பதாம் எண்ணிலேயே சரியாகிவிட்டது, எதிரே உட்கார்ந்தவன்தான் சரியாகவில்லை. பெட்டியின்மேல் 'கூட உட்கார்ந்து சாப்பிடவும்' என்று அச்சடிக்கும்படி நாளை மேலாளரிடம் சொல்லப்போகிறேன். ஞாயிற்றுக்கிழமை வராதீர்கள் என்று எழுதியதையும் அடித்துவிடவும். சனிக்கிழமை எடை எப்படி இருந்தாலும் அத்தையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். பிள்ளையைக் கூட்டிப்போக அல்ல, சாப்பிட. அவளுக்கு ஊட்ட இன்னும் இரண்டு வாய் வேண்டும். நல்ல சட்டையாகவே போட்டுக்கொண்டு வரலாம். நாம் பின்னால் நகராமல் இருந்தால் ஒரு பருக்கைகூடச் சிந்தமாட்டாள்.