மூன்று காருக்கு மூன்று கப்பு

எதையும் அளந்து செய்பவனுக்கு அவமானமும் அளவாகத்தான் வரும் என்று இருபத்தாறு வயதுவரை நம்பியிருந்தேன். அறுபதுகளின் தொடக்கம். இலங்கை மலையகத்தில், அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் சின்னக் கிளாக்கர் நான். ஆண்டுதோறும் ஆற்றுப் பாலத்திலிருந்து தேயிலைத் தொழிற்சாலை வரை துரைமார் கார்ப் பந்தயம் நடத்துவார்கள். ஒரு காலத்தில் பத்துப் பன்னிரண்டு கார்கள் உறுமும். பிறகு டயர் விலை ஏறியது, உதிரிப்பாகம் வருவது குறைந்தது, பல துரைமார் சீமைக்கே கப்பலேறிவிட்டார்கள். அந்த வருடம் மிஞ்சியது இரண்டே கார். மூன்றாவது இல்லாவிட்டால் பந்தயமே இல்லை என்றானதும், யார் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்று அறிவித்தார்கள்.

கடைக்காரர் காசிம் நானாவிடம் ஒரு கிழட்டுக் கார் இருந்தது.

"மூணு காருக்கு மூணு கப்பு தம்பி! தூங்கிக்கிட்டே ஓட்டினாலும் ஒண்ணு நமக்குத்தான்" என்றார்.

எனக்குப் பெண் பேசியிருந்தார்கள். பெண்ணின் அப்பா ராகலையில் பெரிய கிளாக்கர். "பையன் ரொம்ப மந்தமோ?" என்று தரகரிடம் கேட்டிருந்தார். (நியாயமான சந்தேகம்தான்.) கப்போடு நின்றால் கல்யாணம் உறுதி! மகளோடு பந்தயம் பார்க்க வரச் சொல்லியனுப்பினேன்.

பெட்ரோல் என் செலவு. விலையும் ஏறியிருந்தது, காரின் பாரமும் குறையட்டும் என்று, தூரத்தைக் கணக்கிட்டு அதற்குத் தேவையானதை மட்டும் ஊற்றினேன். ஸ்பேர் டயரைக் கழற்றினேன். நானாவை மட்டும் கழற்ற முடியவில்லை. "காரு என்னுது, நானும் வருவேன்" என்று முன் சீட்டில் ஏறிக்கொண்டார்.

கொடி விழுந்தது. பறந்தோம்! (துரைமார் இருவரும் எங்களுக்கு முன்னால் பறந்தார்கள்.) கடைசி ஏற்றத்தில், தொழிற்சாலை கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், எஞ்சின் இருமிவிட்டு நின்றது.

"எவ்வளவு பெட்ரோல் ஊத்தினீங்க?"

சொன்னேன். நானா நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"டாங்கி சீட்டுக்கு அடியில இருக்கு தம்பி! கொஞ்சமா ஊத்திட்டு மேட்டுல ஏறினா பெட்ரோல் பின்னுக்கு ஒதுங்கிரும், எஞ்சினுக்கு எப்படி வரும்? திருப்புங்க! ரிவேஸ்லயே ஏத்துங்க!"

காரை உருளவிட்டுத் திருப்பினேன். எஞ்சின் உயிர் பெற்றது! கழுத்தை முறுக்கிக்கொண்டு பின்பக்கமாக ஏறினோம். கொழுந்துக் கூடைகளோடு பெண்கள் கூச்சலிட்டபடி கூடவே ஓடி வந்தார்கள், எங்களைவிடச் சற்று வேகமாக. வெற்றிக் கோட்டைத் தாண்டினேன். அந்தப் பரவசத்தில் பிரேக் ஞாபகம் வரவில்லை. பரிசு மேசையில் மோதிய பிறகுதான் வந்தது. மூன்றாம் கப்பு சக்கரத்தின் கீழே தட்டாகிக் கிடந்தது. அதையே என் கையில் கொடுத்தார்கள்.

பெரிய கிளாக்கர் காரின் இரண்டு முனைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மாப்பிள்ளை வர்றாரா, போறாரா?"

பக்கத்தில் நின்ற அவர் மகள் சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "புடிச்சிருக்காம்மா?" என்று அவர் கேட்டபோது பேச முடியாமல் தலையை ஆட்டினாள். அது சம்மதமா சிரிப்பின் குலுக்கலா என்று இன்றுவரை சொல்ல மறுக்கிறாள்.

அடுத்த வருடம் மூன்றாவது கார் கிடைக்கவில்லை. பந்தயம் அத்தோடு நின்றுபோனது. ஆனால் எங்கள் வீட்டில், நான் குடையோடு வாசலில் நின்றால் போதும், "வர்றீங்களா, போறீங்களா?" என்று உள்ளேயிருந்து குரல் வரும். நான் எதைச் சொன்னாலும் வீடே சிரிக்கும்.