திருநீற்றுப் புதனும் ஓர் இரும்புச் சட்டியும்

விழித்துக்கொண்டே கனவு காணும் பழக்கம் உள்ளவர்களை அடுப்படிப் பக்கம் விடக்கூடாது என்பது என் கருத்து. முக்கியமாக என்னை. இதை என் கணவர் சேவியர் கல்யாணமான முதல் மாதமே கண்டுபிடித்துவிட்டார். பால் பொங்கி அடுப்பை அணைத்தபோது நான் அதன் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே மாமரம் பூத்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

கல்யாணத்துக்கு முன்பு ஓசூரில் ஒரு கம்பெனியில் உதிரிபாகங்களைப் பார்த்துக் குறை கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தேன். (நம்புவது கஷ்டம்தான்.) பேரிகைப் பக்கம் ஒரு சின்ன ஊரில், கொஞ்சம் நிலமும் இரண்டு மாடும் உள்ள வீட்டுக்கு மருமகளாக வந்ததும் அந்த வேலையை விட்டுவிட்டேன். காரணம், போனில் நான் பார்த்துவந்த ஒரு வெளிநாட்டுக் கத்தோலிக்கப் பெண்மணி. பெரிய தோட்டம், நிறைய பிள்ளைகள், வெள்ளை ஏப்ரன். அந்தந்தத் திருநாளுக்கு அந்தந்த ரொட்டி, அந்தந்தப் பூ, தன் கையால் ஊற்றிய மெழுகுவர்த்தி. அவர் வீட்டில் எந்நேரமும் சாயங்கால வெயிலே அடித்தது. நானும் அப்படி வாழப்போகிறேன் என்று முடிவு செய்தேன். பருவத்தோடு சேர்ந்து, எளிமையாக, மெதுவாக.

மாமியார் ஆரோக்கியமேரி அத்தைக்கு இது புரியவில்லை. "நாங்க அப்பிடித்தான கண்ணு இருக்கிறோம், வேற வழியில்லாம" என்றார். ஆனாலும் அந்த வருடம் தவக்காலம் தொடங்கும் முன், அதுவரை தானே செய்துவந்த ஒரு காரியத்தை என்னிடம் ஒப்படைத்தார்.

எங்கள் ஊரில் கத்தோலிக்கக் குடும்பங்கள் ஒரு தெரு அளவுக்கு இருக்கின்றன. தெருமுனையில் ஒரு சின்னக் கோயில். போன வருடக் குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்துக் கொடுத்த ஓலைகளைச் சிலுவையாக முடைந்து, எல்லோரும் வீட்டில் மாதா சுரூபத்தின் பின்னால் செருகி வைத்திருப்பார்கள். தவக்காலத்தின் முதல் நாளான திருநீற்றுப் புதனுக்கு முன்பு அவை எங்கள் வீட்டுக்கு வந்து சேரும். அவற்றை எரித்து, அன்று நெற்றியில் பூசும் சாம்பலாக்கிக் கோயிலுக்குக் கொடுப்பது பல வருடங்களாக எங்கள் வீட்டு உரிமை. தெருவில் அதற்கு ஒரு மரியாதை உண்டு.

"பாத்து செய்யணும் கண்ணு. ஊரு நெத்திக்குப் போறது" என்றார் அத்தை.

செவ்வாய்க்கிழமை காலையில் ஓலைகளை எரித்தேன். பனி இன்னும் கலையவில்லை. அப்பால் ரோஜாத் தோட்டத்துப் பாலித்தீன் கூடாரங்கள் வெள்ளையாக மிதந்தன. புகை நேராக எழுந்து மாம்பூக்களுக்குள் புகுந்து காணாமல் போனது. ஒரு வருடத்து ஜெபமெல்லாம் மேலே போகிறது என்று நினைத்தபடி நின்றிருந்தேன். மாடு கத்திய பிறகுதான் அதற்குத் தண்ணீர் காட்டவில்லை என்பது ஞாபகம் வந்தது.

சாம்பலை இடித்துச் சலித்தேன். பறக்காமலிருக்கக் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக் குழைத்தேன். பேரிகைச் சந்தையில் ஆசைப்பட்டு வாங்கிய மண்கிண்ணத்தில் வைத்தேன். எல்லாம் அழகாக நடந்தது.

கதை இத்துடன் முடிந்திருக்கலாம். ஆனால் அன்று இன்னொரு வேலையும் இருந்தது.

அத்தையின் தலைமுடி கருகருவென்று இருக்கும். கறிவேப்பிலையை ஒதுக்காமல் சாப்பிடுவதால்தான் என்று தெருவுக்கே சொல்லி வைத்திருந்தார். பெண்கள் அதை நம்பிக் கட்டுக்கட்டாகக் கறிவேப்பிலை தின்றுகொண்டிருந்தார்கள். உண்மை எனக்கு மட்டும் தெரியும். கடுக்காய்ப் பொடி, நெல்லிப் பொடி, மருதாணி மூன்றையும் தேயிலைத் தண்ணீரில் கலந்து, முந்தின நாளே இரும்புச் சட்டியில் ஊறப்போட்டால் மையைப் போலக் கறுத்துவிடும். அந்தச் சாயத்தை அத்தைக்குத் தயாரித்துத் தருவது நான்தான். (அந்த வெளிநாட்டுப் பெண்மணியிடம்கூட இந்த ரகசியம் கிடையாது.) தவக்காலத்தில் அலங்காரம் கூடாது என்பதால், செவ்வாய்க்கிழமையே போட்டு முடித்துவிட வேண்டும் என்று அத்தை சொல்லியிருந்தார்.

சாயத்தை நான் சட்டியோடு விட்டிருக்க வேண்டும். இரும்புச் சட்டி பார்வைக்கு நன்றாக இல்லை. ஆகவே அதையும் ஒரு மண்கிண்ணத்துக்கு மாற்றினேன். சாம்பல் கிண்ணத்தின் ஜோடிக் கிண்ணம். இரண்டையும் ஜன்னல் விளிம்பில் வைத்து, பக்கத்தில் ஒரு சாமந்திப்பூ வைத்து, போனில் படம் எடுத்தேன். வெளிச்சம் சரியாக விழவில்லை. கிண்ணங்களை இடம் மாற்றினேன். பூவை மாற்றினேன். திரும்பவும் கிண்ணங்களை மாற்றினேன். படம் மிக அழகாக வந்தது. இன்றும் வைத்திருக்கிறேன். அதில் எது எது என்று இன்றும் எனக்குத் தெரியாது.

மதியம் அத்தையைக் கொல்லையில் உட்காரவைத்து, கம்பெனியிலிருந்து கொண்டுவந்த கையுறையை மாட்டிக்கொண்டு, அவர் தலை முழுக்க நானே தடவினேன். வெயில் இதமாக இருந்தது. யார் வீட்டிலோ புளி உலுக்கிக்கொண்டிருந்தார்கள். அத்தை தலையை அலசிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தார்.

"கறுக்கலையே கண்ணு."

"காத்துப் பட்டாத்தான் அத்தை கறுக்கும். நாளைக்குப் பாருங்க" என்றேன், கம்பெனியில் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்ட அதே நம்பிக்கையோடு.

சாயங்காலம் சேவியர் மற்றக் கிண்ணத்தை வெள்ளைத் துணியால் மூடிக் கோயிலில் கொண்டுபோய் வைத்தார்.

மறுநாள் விடியற்காலைத் திருப்பலி. முதல் ஷிப்டுக்குப் போகிறவர்கள் யூனிபாரத்தோடு வந்திருந்தார்கள். கதவு வழியாகப் பனி உள்ளே வந்து மெழுகுவர்த்திகளைச் சுற்றி நின்றது. பங்குச்சாமியார் கிண்ணத்தைத் திறந்து, மந்திரித்து, கட்டைவிரலைத் தோய்த்து ஒவ்வொரு நெற்றியிலும் சிலுவை வரைந்தார். மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய் என்ற அந்த வார்த்தைகள் ஒவ்வொருவராகக் கடந்து என்னிடம் வந்தபோது எனக்குக் கண் கலங்கியது. பூசை முடிந்ததும் சாமியார் என்னைக் கூப்பிட்டு, "இந்த வருசம் சாம்பல் நல்லா ஈரமா இருந்திச்சிம்மா. கண்ணுல கொட்டல" என்றார். வீட்டுக்கு நான் நடந்து வந்தேனா, மிதந்து வந்தேனா என்று ஞாபகமில்லை.

சாம்பலைப் பொழுது சாயும்வரை கழுவாமல் வைத்திருப்பது எங்கள் வழக்கம். ஆகவே பகல் முழுவதும் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. டீ இடைவேளையில் சேவியர் தான் வேலை பார்க்கும் கம்பெனியிலிருந்து போன் செய்தார்.

"ஜெனி, இந்தச் சாம்பல்ல என்னா போட்ட? வேர்வையில கரையவே மாட்டேங்குது. எங்க சூப்பர்வைசர் 'எலெக்சன் யாவாக ஆயித்து'ன்னு கன்னடத்துல கேக்குறாரு."

தேர்தல் எப்போது நடந்தது என்று கேட்கிறாராம். நான் சிரித்தேன். அதுதான் அன்று நான் கடைசியாகச் சிரித்தது.

பொழுது சாய்ந்ததும் தெருவில் எல்லாக் குழாயடியிலும் முகம் கழுவும் சத்தம் கேட்டது. அது நெடுநேரம் நிற்கவில்லை. அத்தை சோப்புப் போட்டார், பயத்தமாவு போட்டார், எலுமிச்சம்பழம் தேய்த்தார். நெற்றிச் சிலுவை காலையில் இருந்ததைவிடக் கறுப்பாகப் பளபளத்தது. பிறகு முந்தானையை விலக்கித் தலையைப் பார்த்தார். முடி சாம்பல் பூத்து வெளுத்திருந்தது. கண்ணாடியில் நெற்றியையும் தலையையும் மாறிமாறிப் பார்த்தவர், மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"தலைக்குப் போட்டது நெத்தியில புடிச்சிருக்குது" என்றார்.

ஊர் ஜெபித்த ஓலைச் சாம்பலை மாமியார் தலையில் தடவியிருக்கிறேன். மாமியார் தலைச்சாயத்தைச் சாமியார் கையால் ஊர் நெற்றியில் தடவ வைத்திருக்கிறேன். இதை எந்தத் திருநாள் கணக்கில் சேர்ப்பது?

"சொல்லிடலாமா அத்தை?"

"சொன்னா, சாயம் யாருக்குன்னு கேப்பாங்க" என்றார். பிறகு முந்தானையால் தலையை இறுக மூடிக்கொண்டார்.

வியாழக்கிழமை விஷயம் முற்றிவிட்டது. கழுவினாலும் போகாத சிலுவை என்றால் அது ஓர் அடையாளம் என்று யாரோ சொல்ல, தெரு அதைப் பிடித்துக்கொண்டது. கோயிலில் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டே இருந்தது. ஜூஜுவாடியில் லாரி ஓட்டும் லூர்து அண்ணன், எந்தப் பண்டிகைக்கும் பாட்டிலை விடாதவர், காலையில் கண்ணாடியில் தன் நெற்றியைப் பார்த்துவிட்டு வீட்டிலிருந்த பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டாராம். அவர் மனைவி செசிலி அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார்.

"உன் கையில என்னமோ இருக்குது ஜெனி."

கையுறைதான் அக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். அத்தையைப் பார்த்தேன். அத்தை பக்கத்தில் அவரைக்காய் உரித்துக்கொண்டு, தலை நிமிராமல் இருந்தார்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை, கோயிலில் சிலுவைப்பாதை ஜெபம். சாமியார் கட்டைவிரலில் பேண்டேஜ் சுற்றி வந்திருந்தார். ஜெபம் முடிந்ததும் அதைப் பிரித்துக் காட்டினார். விரல் பாதி வரை கன்னங்கரேல் என்றிருந்தது.

"டாக்டர்கிட்டயும் காட்டிட்டேன். வேற ஊர்ல சாம்பல் பூசிக்கினவங்க யாருக்கும் இப்பிடி இல்ல. இங்கதான் என்னமோ ஆகியிருக்குது. யாருக்காச்சும் தெரிஞ்சா சொல்லுங்க" என்றார்.

கோயில் முழுக்கக் கறுப்புச் சிலுவை போட்ட நெற்றிகள். எல்லாம் என்னைப் பார்ப்பதுபோல் இருந்தன. சொன்னால் அத்தையின் மானம் போகும். செசிலி அக்காவின் சந்தோஷமும் போகும். சொல்லாவிட்டால் ஊரே என் சாயத்தை வணங்கிக்கொண்டிருக்கும். எழுந்து நின்றேன்.

நான் ஆரம்பிப்பதற்குள் பக்கத்தில் அத்தை எழுந்தார். முந்தானையைத் தலையிலிருந்து எடுத்தார். அந்தத் தெரு முதல் முறையாக அவருடைய நரைமுடியைப் பார்த்தது.

"அது என் தலைச்சாயம் சாமி" என்றார் அத்தை. "இந்தப் புள்ள கிண்ணத்த மாத்திட்டா. உங்க சாம்பல் என் தலையில இருக்குது. கறிவேப்பிலன்னு நான் சொன்னதெல்லாம் பொய்."

சாமியார் தன் கட்டைவிரலைப் பார்த்தார், அத்தையின் தலையைப் பார்த்தார். அவருடைய தோள்கள்தான் முதலில் குலுங்கின.

"சாம்பலைத் தலையில போட்டுக்கினு தவம் பண்ணுறதுதான் பழைய வழக்கம்" என்றார், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "இந்த ஊர்ல தவக்காலத்த ஒழுங்கா ஆரம்பிச்சது நீங்க ஒருத்தர்தான்."

அதற்குப் பிறகு கோயிலில் எழுந்த சிரிப்பு தார் ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். வருடக்கணக்காகக் கறிவேப்பிலை தின்ற பெண்கள் மட்டும் கொஞ்சம் கோபமாக இருந்தார்கள்.

வெளியே வந்து லூர்து அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டே யோசித்தார். "சாயம்னு தெரிஞ்சிபோச்சி. ஆனா பாட்டில கவுத்தது கவுத்ததுதான? ஈஸ்டர் வரைக்கும் பாப்போம்" என்றார். சொன்னபடி ஈஸ்டர் வரை பார்த்தார். அதற்கு மேல் பார்க்கவில்லை. ஆனால் செசிலி அக்கா அந்தத் தவக்காலத்தைப் பற்றி இன்றும் தேன்நிலவைப்போலப் பேசுகிறார்.

அன்று வீடு திரும்பும் வழியில் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். பனி இறங்கத் தொடங்கியிருந்தது. தூரத்தில் ரோஜாக் கூடாரங்களில் விளக்கு எரிந்தது. "தலை என்னா லேசா இருக்குது தெரியுமா" என்றார். அதன்பிறகு அவர் சாயம் போடவே இல்லை. வெள்ளை முடி அவருக்கு அழகாகவே இருக்கிறது.

சாயம் நின்றுபோகவில்லை. ஒவ்வொரு வருடமும் தவக்காலத்துக்கு முந்தின வாரம் தெருப் பெண்கள் பாத்திரத்தோடு என் வீட்டுக்கு வருகிறார்கள். போன வருடம் சாமியாரும் வந்தார். தின்பண்டம் சாப்பிட்டார், மாட்டை விசாரித்தார், போகும்போது குரலைத் தாழ்த்தி, "என் விரல்ல ரொம்ப நாளு நின்னிச்சிம்மா. மீசையிலயும் அப்பிடி நிக்குமா?" என்று கேட்டார்.

சாம்பல் செய்யும் உரிமையும் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. அத்தை செய்கிறார், நான் தள்ளி நின்று புகையைப் பார்க்கிறேன். எங்கள் வீட்டில் இப்போது சாப்பாட்டுக்கு நான் இரண்டு கிண்ணம் சேர்ந்தாற்போல் வைத்துவிட முடியாது. சாம்பாரோ ரசமோ, சேவியர் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, மிகப் பணிவாக ஒரே கேள்வியைத்தான் கேட்பார்:

"இதுல எது தலைக்கு ஜெனி, எது நெத்திக்கு?"