சத்தம் போடாத குழாய்

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் அத்தையும் சின்னவளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அம்மாவுக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் இருவரும் சண்டையே போடுவதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம் என்றால், நான் பாதியில் வாயை மூடிக்கொள்வேன் என்பது உங்களுக்கே தெரியும்.

அவர்கள் அறையை ஒட்டிய குளியலறையை நான் இடித்து மாற்றியதைப் போட்டோவில் பார்த்து, 'ஹோட்டல் மாதிரி இருக்கு' என்று எழுதியிருந்தீர்கள். அன்று அதை இரண்டு முறை படித்துப் பூரித்துப்போனேன். இப்போது அந்தப் போட்டோவைத் திறக்கவே மனம் வரவில்லை. பழையது உங்களுக்கு நினைவிருக்கும். வழுக்கும் தரை, துருப்பிடித்த தகரக் கதவு, பித்தளைக் குழாய், அதன் கீழே அப்பாவின் இரும்பு வாளி. குழாயைத் திறந்தால் லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற சத்தம் வரும். கல்லூரியில் படித்தபோது ஒரு தோழி வீட்டுக்கு வந்திருந்தாள். அப்பா உள்ளே குழாயைத் திறந்ததும் அவள் எழுந்து நின்றுவிட்டாள். "என்ன இடிஞ்சு விழுது?" என்று கேட்டாள். எனக்கு அந்த இடத்திலேயே கூசிப்போயிற்று. வேலைக்குப் போனதும் முதலில் இதைத்தான் மாற்றுவது என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

வேலையை எடுத்துச் செய்தவர் ஓர் ஆல்பத்தோடு வந்தார். அவர் எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் எனக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அதனால் எல்லாப் பக்கமும் வீட்டுக்கு வந்துவிட்டது. சாம்பல் நிற டைல்ஸ், தரையில் கால் படாமல் சுவரில் தொங்கும் கம்மோடு, குளிக்கிற இடத்தைச் சுற்றிக் கண்ணாடி, கைகாட்டினால் எரிகிற விளக்கு. அப்பா அந்த விளக்குக்குக் கும்பிடு போடுகிற மாதிரி நின்றுதான் பல் துலக்குகிறார். கடைசியாக ஆல்பக்காரர் ஒரு குழாயைக் காட்டினார். "இதுல ஒரு ஸ்பெஷல் இருக்கு மேடம். தண்ணி வர்றதே தெரியாது. சத்தங்கிற பேச்சே கெடையாது" என்றார். ரொம்ப நல்லது என்று சொன்னேன், மாமா. அத்தனை நேரமும் தலையாட்டிக்கொண்டிருந்தவள் வாயைத் திறந்து பேசியது அந்த ஒரு தடவைதான்.

அதில் என்ன தப்பு என்று கேட்பீர்கள். நான் பிறந்ததிலிருந்து அம்மா அப்பாவுக்குள் ஓர் ஏற்பாடு உண்டு. பிள்ளை காதுபடச் சண்டை போடக் கூடாது. நம் வீட்டுச் சுவரோ அட்டைக்குச் சமம். அதனால் பெரிய விஷயம் எதுவானாலும் இருவரும் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக் குழாயை முழுசாகத் திறந்துவிடுவார்கள். நீங்கள் கூட ஒருமுறை வந்திருந்தபோது, தண்ணீர் வீணாகிறதே என்று கதவைத் தட்டினீர்கள். உள்ளேயிருந்து "குளிச்சிட்டிருக்கேன்" என்று இரண்டு குரல் சேர்ந்து வந்தது. நீங்கள் திரும்பி வந்து பேப்பரை எடுத்துக்கொண்டீர்கள்.

என்னைக் கல்லூரிக்கு அனுப்புவதா என்பதும் அங்கேதான் முடிவானது. நம் குடும்பத்தில் அதுவரை யாரும் அந்தப் பக்கம் போனதில்லை. வாளி வழிந்து, தண்ணீர் கதவிடுக்கால் வெளியே வந்து, நான் உட்கார்ந்திருந்த பாயை நனைத்த பிறகுதான் குழாய் நின்றது. அப்பா வெளியே வந்து, "எந்த காலேஜுன்னு நீயே பாத்துக்க" என்றார். அம்மா பின்னாலேயே துடைப்பத்தோடு வந்தாள். இவ்வளவும் தெரிந்த நான்தான் அந்தக் குழாயைப் பிடுங்கி எறியச் சொன்னேன். வாளியும் இடிபாடுகளோடு வண்டியேறிப் போய்விட்டது.

இப்போது என் அலுவலகத்தில் என்னை வேறு ஊருக்கு, பெரிய வேலைக்குப் போகச் சொல்கிறார்கள். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். எனக்குப் போக ஆசை. விஷயத்தைச் சொன்னதும் இருவரும் வழக்கம்போல எழுந்து உள்ளே போனார்கள். கதவைச் சாத்தினார்கள். குழாயையும் திறந்தார்களாம், எனக்குத் தெரியவில்லை. அப்பா தொடங்கியதும் அம்மா மடக்கியதும்தான் தெளிவாகக் கேட்டது.

"அவ்ளோ தூரத்துல தனியா எப்படி இருப்பா?"

"கூடவே வெச்சுக்கவா படிக்க வெச்சோம்?"

"மெதுவா பேசு, வெளிய கேக்குது. கொழாய இன்னும் கொஞ்சம் திருகு."

"இதுக்கு மேல திருகினா கையோட வந்துடும்."

அதற்குப் பிறகு பேச்சே இல்லை. அப்பா நனையாத முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். அன்றிலிருந்து அவரைக் கேட்டால், "உங்கம்மா சொன்னா சரிதான்" என்கிறார். அம்மாவைக் கேட்டால், "உங்கப்பா இஷ்டம்" என்கிறாள். சாப்பாட்டு வேளையில் ஒருவருக்கொருவர் தண்ணீர் எடுத்துக் கொடுத்துக்கொள்கிறார்கள். பார்க்கவே பயமாக இருக்கிறது. குளியலறைக்காரரைக் கூப்பிட்டு, குழாயில் கொஞ்சம் சத்தம் வரவைக்க முடியுமா என்று கேட்டேன். "சத்தம் வருதுன்னுதான் மேடம் கூப்பிடுவாங்க. வரலைன்னு கூப்பிட்டது நீங்கதான்" என்று சொல்லிவிட்டு, அப்பாவைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனார்.

ஆகவே ஓர் உதவி. உங்கள் வீட்டில் இன்னும் பழைய குழாய்தானே? ஞாயிற்றுக்கிழமை இருவரையும் விருந்துக்கு அழையுங்கள். கை கழுவ ஒன்றாக உள்ளே அனுப்பிவிட்டு, வெளியே தாழ்ப்பாள் போட்டுவிடுங்கள். எவ்வளவு தண்ணீர் வெளியே வந்தாலும் தயவுசெய்து தட்டாதீர்கள். நல்ல வீட்டை அலங்காரம் பண்ணுகிறேன் என்று ஊமையாக்கிவிட்டேன். நீங்கள்தான் சரிசெய்ய வேண்டும்.

அத்தைக்கு என் வணக்கம். சின்னவள் நன்றாகப் படித்து, நீண்ட நாள் நிறைவாக இருக்கட்டும். உங்கள் குளியலறை மேல் யாரையும் கைவைக்க விடாதீர்கள்.

என்றும் உங்கள் அன்புக்குரிய
அக்கா மகள்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது அடுப்படியில் மிக்ஸி ஓட ஆரம்பித்தது. நிற்கிற வழியாக இல்லை. எட்டிப் பார்த்தேன். ஜாரில் ஒன்றுமே இல்லை. அம்மா ஒரு கையால் மூடியை அமுக்கிக்கொண்டு மறு கையை நீட்டி நீட்டிப் பேசினாள். அப்பா அதற்கு மேல் கையை நீட்டினார். கருகல் வாசனை வந்த பிறகுதான் நிறுத்தினார்கள். அப்பா வெளியே வந்து, "போய்ட்டு வா. மாசம் ஒரு தடவ மொகத்த காட்டிட்டுப் போ" என்றார். அம்மா, "போறதுக்குள்ள அடுப்படிய மாத்தறேன்னு எதையாவது ஆரம்பிச்சுடாத" என்றாள். அதனால் விருந்து வேண்டாம், மாமா. எழுதியதைக் கிழிக்க மனமில்லாமல் அப்படியே அனுப்புகிறேன். நான் கேட்டதுதான் கிடைத்திருக்கிறது. ஆனாலும் என்னை அனுப்புவதற்கு அவர்கள் இன்னும் கொஞ்ச நேரம் சண்டை போட்டிருக்கலாம்.