ஒரு மணி நேரம் கிளறவேண்டிய தார்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், என் இடது செருப்பைத் தவிர. அது மொட்டைமாடித் தாரில் ஒட்டிக்கொண்டு அங்கேயே குடியேறிவிட்டது. வலதை மட்டும் மாட்டிக்கொண்டு இதை எழுதுகிறேன்.

உன் லேபிலிருந்து நீ அனுப்பிய தார் டின்னும் ரப்பர் குருணைப் பையும் பத்திரமாக வந்து சேர்ந்தன. வெறும் தார் வெயிலில் இளகும், குளிரில் வெடிக்கும், குருணை கலந்தால் இரண்டும் நடக்காது, ஆனால் சூட்டோடு ஒரு மணி நேரம் விடாமல் கிளறணும் என்று சீட்டில் எழுதியிருந்தாய். நான்தான் எட்டாவது வரை படித்த விஞ்ஞானி ஆயிற்றே, பெயிண்டுக்கே நாலு சுற்று போதும், இதற்கென்ன ஒரு மணி நேரம் என்று பத்தே நிமிடம் கிளறி, அம்மாவின் தையல் அறைக்கு மேலே பூசிவிட்டேன். குருணை கரையவே இல்லை, மத்தியான வெயிலில் தார் இளகிச் சரிவுப் பக்கம் நடக்க ஆரம்பித்தது, அதை நிறுத்தலாம் என்று காலை வைத்தேன், செருப்பு போயிற்று, மறுநாள் தூறலுக்கே ஒழுகி யாரோ தைக்கக் கொடுத்திருந்த வெள்ளைச் சட்டையில் பழுப்புக் கறை.

அம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "நாலு வருஷமா ஒழுகலுக்கு வச்ச வாளி பக்கத்துல உக்காந்து தைக்கிறேன். இன்னொரு துணி கெட்டுதுன்னா மிஷினை மூடிடுவேன். பொண்ணு எழுதினதைப் படிச்சீங்களா, இல்ல மோந்து பாத்தீங்களா?"

"படிச்சேன். நம்பத்தான் இல்ல."

"அவளை எப்ப நம்பினீங்க?"

பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டு, மிச்சமிருந்த தாரைச் சூடாக்கி, சுவர்க்கடிகாரத்தையே கழற்றி மாடிக்குக் கொண்டுபோய், முழுசாக ஒரு மணி நேரம் கிளறினேன். கை கழன்றுவிட்டது. தார் பட்டு மாதிரி வழவழவென்று வந்தது. செருப்பு மட்டும் வர மறுத்தது. அதையும் சேர்த்தே பூசினோம்.

மூன்று நாள் அடைமழை. ஒரு சொட்டு இல்லை. வாளியில் அம்மா இப்போது வெட்டுத்துணி போட்டு வைக்கிறாள். உனக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல் அந்த வாளியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உன் தாரைப் போலவே வெயிலுக்கும் குளிருக்கும் அசராமல் நீ நன்றாக இருக்கணும்.

இப்படிக்கு,
ஒற்றைச் செருப்பு அப்பா

பி.கு.: ஒரு மணி நேரம் கிளறியது நானில்லை, அம்மா. என்னைக் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லிவிட்டாள். நேற்று போனில் நீ, "ஒழுகுதாப்பா?" என்று கேட்டாய். "இல்லம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். நீ வேலைக்குச் சேர்ந்த அன்று, "தார் காய்ச்சவா உன்னைப் படிக்க வச்சேன்?" என்று கேட்டேனே, அதைத் திரும்ப வாங்கிக்கிறேன்னு சொல்லத்தான் நேற்று வாயெடுத்தேன்.