உண்ணிகள் பேரில் ஒரு மனு

ஒரு காட்டில், அதுவும் சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிற காட்டில், சடையன் என்றொரு நாய் இருந்தது. குளிர்மலைச் சாதி. இரண்டு அடுக்கு முடி. குட்டையில் விழுந்து எழுந்தால் மேல்முடி காய்ந்துவிடும், அடிமுடி மூன்று நாளைக்கு ஈரமாகவே கிடக்கும். அந்த ஈரத்தில் முதுகு புண்ணாகிப் பரவிக்கொண்டே போனது. சடையனுக்கு உயிர்ப்பயம் வந்துவிட்டது. காக்கைகள் இப்போதே பின்னால் வர ஆரம்பித்திருந்தன.

காட்டு மருத்துவமனைக்குப் போனது. சீட்டுக் கொடுக்கிற இடத்தில் கீரி உட்கார்ந்திருந்தது.

"வாக்காளர் அட்டை?"

"மலையில இருந்து வந்தவனுங்க. அட்டை இல்ல. புண்ணு இருக்கு."

"புண்ணுக்கெல்லாம் சீட்டுத் தர முடியாது. அடுத்த ஆள் வா."

சடையன் ஆத்திரத்தில் பிடரியைச் சொறிந்தது. முடிக்குள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. உண்ணிகளின் தலைவர் தொப்பையா.

"யோவ், மெதுவா. புள்ளைங்க தூங்குது."

"நான் சாகக் கெடக்கேன், உனக்குத் தூக்கம் கேக்குதா?"

"நீ செத்தா நாங்க எங்கய்யா போவோம்? நாங்க இங்கயே பொறந்து வளந்தவங்க. போன தேர்தலுக்குப் பேர் எழுத மான் வந்து நானூத்திப் பன்னெண்டு பேருக்கு அட்டை குடுத்துட்டுப் போச்சு."

சடையன் பள்ளிக்கூடம் போன நாய் இல்லை. ஆனாலும் வயிற்றெரிச்சலுக்கு ஒரு புத்தி உண்டு. மறுபடி வரிசையில் நின்று, 'சடையன் முதுகு வாழ் உண்ணிகளின் குடியிருப்பைப் பராமரிக்கக் கோருதல்' என்று மனுக் கொடுத்தது.

கீரி எழுந்து நின்றது. "நானூத்திப் பன்னெண்டு ஓட்டா? உக்காருங்கய்யா."

மறுநாளே இரண்டு குரங்குகள் சீப்போடு வந்தன. ஒரு உண்ணிகூட உதிராமல் அடிமுடி வரை சிக்கெடுத்து, குளிப்பாட்டி, ஈரம் போகத் துவட்டி, புண்ணுக்கு மருந்து தடவின. மொத்தமாக மழித்துவிடலாமே என்றது ஒரு குரங்கு. "வெயிலுக்கு முடிதான்டா அதுக்குக் குடை. மழிச்சா தோல் வெந்துடும்" என்று கரடி டாக்டர் திட்டினார். வாக்காளர்களுக்கு நல்ல ரத்தம் கிடைக்க வேண்டும் என்று தினம் ஒரு மீன் வேறு எழுதிக் கொடுத்தார்.

ஒரே மாதத்தில் புண் ஆறியது. முடி பளபளத்தது. உண்ணிகள் ஆயிரத்தைத் தாண்டின. ஒருநாள் அரிப்புத் தாங்காமல் சடையன் பின்னங்காலைத் தூக்கியது.

"காலை எறக்குங்க" என்றது வாக்காளர்களை எண்ண வந்திருந்த கீரி. "குடியிருப்பை இடிக்க முன் அனுமதி வாங்கணும்."

சடையன் காலை இறக்கியது.

நீதி: உனக்கு ஓட்டு இல்லையென்று கலங்காதே, உன் ரத்தத்தைக் குடிப்பவனுக்கு இருக்கும், அவன் பேரில் மனுப் போடு.